வேண்டாம் என்று சொல்லியே வேலை பிடித்த ஆகாதக்கா

கேமரன் மலையில் தேயிலை பறித்தவர்கள் இருக்கிறார்கள், லோரியில் கோஸ் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள், ஸ்ட்ராபெரி விற்றுப் பங்களா கட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் "என்னைக் கூப்பிடாதீங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லியே வேலை பிடித்த ஆள் ஒருத்திதான். அவள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற ஆகாதக்கா. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதை இப்போது அவளே மறந்திருப்பாள். பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், பிள்ளை பெற்றவளுக்கு மருந்துக் குழம்பு வைத்து, வயிற்றுக்குத் துணி கட்டி உடம்பைத் தேற்றுவதும் அவள் தொழில். என் தொழிலும் அதுதான். கொழுந்து பறிப்பதை விட்ட பிறகு அவள் மேல் லயத்திலும் நான் கீழ் லயத்திலும் இதைச் செய்து வந்தோம். எங்கள் தோட்டத்தில் இன்று மீசை வைத்துக்கொண்டு திரிகிறவன் யாராக இருந்தாலும், ஒரு காலத்தில் அவள் காலிலோ என் காலிலோ குப்புறக் கிடந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டவன்தான்.

வித்தியாசம் ஒன்றுதான். நான் வாயைத் திறக்காமல் குளிப்பாட்டுவேன். அவள் வாயை மூடாமல் குளிப்பாட்டுவாள். எண்ணெய் வைக்கும்போது ஆரம்பித்த கதை சாம்பிராணி போடும்போதும் முடிந்திருக்காது. பிள்ளை அழுவதற்கு வாயைத் திறக்கும். இவள் பேச்சில் இடம் கிடைக்காமல் திரும்ப மூடிக்கொள்ளும்.

இளசுகள் எல்லாம் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனபின் தோட்டத்தில் தொட்டில் கட்டுகிற வீடு குறைந்துபோனது. ஈப்போவில் இருக்கிற அவள் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மா வேலை செய்வதை வீடியோ எடுத்துப் போனில் போட்டாள். பின்னால் தேயிலை மலை, பனி, சாம்பிராணிப் புகை, துண்டில் சுற்றிய பிள்ளை, கூடவே தாலாட்டு. பார்த்தவர்கள் இதயம் இதயமாக அமுக்கினார்கள். நிறையப் பேர் கூப்பிடவும் செய்தார்கள். ஆனால் எல்லாரும் அந்தப் புகைக்காகக் கூப்பிட்டவர்கள்.

திரிங்காப்பில் ஒரு வீட்டில் படத்தில் புகை சரியாக விழவில்லை என்று மறுபடி மறுபடி போடச் சொன்னார்களாம். பிள்ளை தூங்கிவிட்டது. இவள் போனுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். கம்போங் ராஜாவில் மாமியார் ஒரு காதில் "தலைக்கு எண்ணெய் வை" என்றாளாம். மருமகள் இன்னொரு காதில் "வைக்காதீங்க" என்றாளாம். கோலா தெர்லாவில்தான் உச்சம். பிள்ளையைத் துடைத்து எடுத்ததும் அந்த வீட்டுக்காரர் பணிவாகக் கேட்டார்.

"அக்கா, சுடுதண்ணி மிச்சம் இருக்குல்ல? அப்படியே நாயையும் குளிப்பாட்டி விட்டுருங்களேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக்கூடக் கழற்றவில்லை. போனைப் பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்துத் தானே பேசி வீடியோ போட்டாள். மலை இல்லை, புகை இல்லை, பிள்ளை இல்லை. அவள் முகம் மட்டும், அதுவும் மூக்குக்கு மேலே.

"நாயக் குளிப்பாட்டச் சொல்றவங்களுக்கு நான் ஆகாது. போட்டோவுக்காகப் புள்ளயக் குளிர்ல வெச்சிருக்கிறவங்களுக்கு ஆகாது. மாமியா ஒரு பக்கம், மருமக ஒரு பக்கம் நின்னு காதுல ஓதுற வீட்டுக்கு ஆகவே ஆகாது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடுங்க. நான் ரொம்பப் பேசுவேன். அது புடிக்கலன்னாலும் கூப்பிடாதீங்க. அவ்வளவுதான் லா."

ஈப்போவிலிருந்து மகள் பதறிப்போய்ப் போன் செய்தாளாம். "அம்மா, இப்படி வெரட்டினா யாரும்மா வருவா?"

"வர வேண்டியவங்க வருவாங்க. ஊரையே கூப்பிட நான் என்ன கல்யாணமா வைக்கிறேன்?"

அந்த வீடியோவை லயம் முழுக்கப் பார்த்துச் சிரித்தது. ஆகாதக்கா என்ற பெயரும் அன்றுதான் விழுந்தது. நானும் பார்த்தேன். இத்தோடு இவள் கடையைக் கட்டினாள் என்று நினைத்தேன். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாளிலிருந்து அவள் போன் ஓயவில்லை. கூப்பிட்டவர்கள் எல்லாம் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் மாதிரிப் பேசினார்கள். "அக்கா, எங்க வீட்ல நாய் இல்லக்கா." "அக்கா, எங்க மாமியாளும் நானும் பேசி முடிச்சிட்டோம்க்கா, கையெழுத்து வேணும்னாலும் போட்டுத் தர்றோம்." அவள் வாசலில் ஊர் பார்க்க நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வீடியோ காலில் புருஷன்காரனைக் கூப்பிட்டு விசாரணை நடத்துவாள்.

"தண்ணி யாரு சுட வைக்கிறது?"

"நாந்தான் அக்கா."

"எங்க, அடுப்பக் காட்டு."

அந்தப் பையன் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடுவான். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அடுப்பை யாரும் பார்க்கவில்லை, நான் யார் அடுப்பையும் பார்க்கவில்லை. கை அதே கைதான், எண்ணெய் அதே எண்ணெய்தான். அவளுக்கு வாய் இருக்கிறது, எனக்கு இல்லை.

நானும் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தேன். நல்ல புடவை கட்டியிருந்தேன். சொல்ல நினைத்தது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து, போனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. என் மருமகள் பிறகு அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அத்த, யாராச்சும் தவறிட்டாங்களா?"

இந்தச் சமயத்தில்தான் ஆகாதக்கா இன்னொரு வீடியோ போட்டாள். "பேச்சே ஆகாது, கம்முனு வந்து கம்முனு போற ஆள் வேணும்னா என்கிட்ட வராதீங்க. எங்க கீழ் லயத்துல ஒருத்தி இருக்கா. அவ குளிப்பாட்டினா புள்ளைக்கே தெரியாது. அங்க போங்க."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. தான் கழித்துப் போட்டதை என் பக்கம் தள்ளுகிறாள். அப்படித் தள்ளிவிடப்பட்டு வந்தவள் கம்போங் ராஜாவில் ஒரு டீச்சர். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்துச் சத்தம் கேட்டுக் காது புளித்தவள். "அம்மா, நீங்க பேச மாட்டீங்கதானே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். பத்தியம் முடிகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டியே குடும்பம் நடத்தினோம். அந்த மாதிரி நிம்மதியாக நான் எந்த வீட்டிலும் வேலை பார்த்ததில்லை. இதை ஆகாதக்காவிடம் சொல்வேனா? மாட்டேன்.

பிறகு என் வீட்டிலேயே விசேஷம் வந்தது. மருமகள் உண்டானாள், என் ஒரே மகனுக்கு முதல் பிள்ளை. அன்றிலிருந்தே, குளிப்பாட்டும்போது நான் உட்காருகிற மணைக்கட்டையைத் தேய்த்துக் கழுவி, வெயில் எட்டிப் பார்க்கிறபோதெல்லாம் காயவைத்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பிள்ளை எல்லாம் குளித்த காலில் என் வீட்டுப் பிள்ளை குளிக்கப்போகிறது.

ஒரு நாள் சாப்பிடும்போது மருமகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அத்த, தப்பா எடுத்துக்காதீங்க. ஆகாதக்காவக் கூப்பிடலாமான்னு பாக்குறேன். அவங்க வீடியோ ஒண்ணு விடாம பாத்திருக்கேன். அவங்க பேசுறதக் கேட்டாலே எனக்குப் பயம் போயிருது."

என் மகன் கறியில் இருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். டீச்சர் வீட்டுப் பழக்கம்.

அங்கேயே மருமகள் போன் போட்டாள், ஸ்பீக்கரில். நான் குசினியில் கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். விசாரணை நடந்தது.

"நாய் இருக்கா?"

"இல்லக்கா."

"தண்ணி?"

"அவரு போடுவாருக்கா."

"நீ பேசுற ஆளா?"

"ரொம்பப் பேசுவேன்க்கா. விட்டா நிறுத்த மாட்டேன்."

எல்லாவற்றிலும் பாஸ். ஒன்றிலாவது இவள் விழட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன்.

"வீட்ல வேற யாரு?"

"எங்க அத்த இருக்காங்க. கீழ் லயத்துல, நீங்ககூட வீடியோல சொன்னீங்களே, அவங்கதான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆகாதக்கா பேசாமல் இருந்து நான் கேட்டது அன்றுதான். பிறகு சொன்னாள், "அந்த வீடா? எனக்கு ஆகாதும்மா."

நான் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது கோபம். ஊரில் எவன் எவனோ அடுப்பைக் காட்டி இவளைக் கூட்டிப்போகிறான், என் வீடு மட்டும் ஆகாதா? ஈரக்கையோடு போய் மருமகளிடமிருந்து போனைப் பிடுங்கினேன்.

"ஏன் ஆகாது? என் வீட்டுக்கு என்ன கொற? நாய் இருக்கா, பேய் இருக்கா? என் மருமக ஆசப்பட்டுக் கேக்குறா. உனக்கென்ன அவ்வளவு பெரும?"

மகனும் மருமகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"அடியே, உனக்கு இவ்வளவு பேச வருமா?" என்றாள் அவள். "கேளு. உன் மருமக வாய் மூட மாட்டேங்கிறா. நானும் மூட மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் கத பேசினா இந்தக் குளிர்ல தண்ணி ஆறிப்போயிரும். புள்ளைக்குச் சளி புடிக்கும். அப்புறம் நீ என்னைக் கொல்லுவ. அதுவுமில்லாம, நீ நின்னு பாத்துக்கிட்டு இருந்தா என் கை வேலை செய்யாது. உன் கைக்கு முன்னால என் கை என்னாத்துக்கு ஆகும்?"

என்னிடம் இருந்த பேச்செல்லாம் முடிந்திருந்தது.

"நீ குளிப்பாட்டு. நான் சும்மா வந்து அந்தப் பொண்ணுக்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். அவளுக்கு வேண்டியது என் வாய்தானே?"

பேத்தி பிறந்தாள். சொன்ன மாதிரியே ஆகாதக்கா தினமும் காலையில் குல்லாவை மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். நான் காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டுவேன். அவள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து மருமகளோடு ஊர்க்கதை பேசுவாள். பேசுவது அவளிடம், கண் மட்டும் என் கைமேல் இருக்கும். என் காலில் கிடக்கிற பிள்ளை என்னைப் பார்க்காமல் சத்தம் வருகிற பக்கமே தலையைத் திருப்பும். எண்ணெய் நான் தேய்க்கிறேன், தண்ணீர் நான் ஊற்றுகிறேன், பிள்ளையின் முதல் சிரிப்பு அவளுக்குப் போனது. அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

போன மாதம் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்க மகள் வந்து அவளை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எப்போது திரும்புவாள் என்று தெரியவில்லை. மறுநாள் காலை வீட்டில் சத்தமே இல்லை. எனக்குப் பிடித்த மாதிரி இருந்தது. தண்ணீர் பதமாக இருந்தது, எண்ணெய் பதமாக இருந்தது. பிள்ளை காலில் கிடந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவு தட்டியும் திரும்பவில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.