ஐந்தாம் வகுப்பில் நான் கொன்ற பதினோரு பேர்

வாழ்க்கையில் நான் பதினோரு பேரைக் கொன்றிருக்கிறேன். எல்லாம் ஒரே நோட்டுப் புத்தகத்தில், பதினைந்தே நாளில். அத்தனை பேரும் என் மாணவர்களின் தகப்பன்மார்.

ஐம்பதுகளின் தொடக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த எனக்குத் திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக வாத்தியார் வேலை. இன்ஸ்பெக்டர் பார்த்து நல்லபடியாக ஒரு வரி எழுதினால் நிரந்தரம். நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று ஊரில் செண்பகத்தின் அப்பா சொல்லிவிட்டார். அந்த ஒரு வரியில் என் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சிக் கல்லூரியில் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வகுப்பில் அன்றாடம் படுத்துகிற ஒரு தொல்லையை எடுத்துக்கொள். காரணம் கேட்டு எழுது. ஒன்றை மட்டும் மாற்று. பலன் என்ன என்று பார். (பிரம்பைவிட இதில் கைவலி குறைவு.) என் தொல்லை, ஒன்பது மணி வகுப்புக்குப் பிள்ளைகள் ஒன்பதே காலுக்கு மூச்சிரைக்க வருவது. நோட்டில் கோடு போட்டேன்: பெயர், நேரம், காரணம்.

முதலில் மாட்டியவன் கோவிந்தன்.

“நைனாவுக்கு இப்பதான் சார் சங்கு ஊதுச்சு. அதான் லேட்டு.”

எங்கள் ஊரில் ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் சங்கு ஊதுவார்கள். அதைக் கேட்க அவர் இருக்க மாட்டார். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து உட்காரவைத்துவிட்டு, ‘தந்தை மரணம்’ என்று எழுதினேன். பின்னாலேயே வந்த இரண்டு பேரும் அதே துக்கச் செய்தியைச் சொன்னார்கள். ஒருவன் கண்ணிலும் ஈரமில்லை. ‘இவ்வூர்ப் பிள்ளைகள் மனத்திடம் மிக்கவர்கள்’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது, ஒன்றை மாற்றுவது. தகப்பனை இழந்த பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்பதில்லை, எப்போது வந்தாலும் உட்காரலாம் என்று மாற்றினேன். பலன் உடனே தெரிந்தது. தாமதம் குறையவில்லை, தகப்பன்மார்தான் குறைந்துகொண்டே வந்தார்கள்.

பதினைந்தாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். தலைமையாசிரியர் அன்று விடுப்பு. நோட்டைப் பெருமையாக நீட்டினேன். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது. அவர் தஞ்சாவூர்க்காரர், அவருக்கும் சங்கு என்றால் ஒன்றுதான். ஒரு வீட்டிலாவது துக்கம் விசாரிக்காமல் போகக்கூடாது என்று சாயங்காலம் கோவிந்தனோடு கிளம்பிவிட்டார். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வாசலில் ஒருவர் லுங்கியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வா சார், குந்து. பையன் எதுனா பேஜாரு பண்ணிட்டானா?”

கோவிந்தனின் அப்பா ஏகாம்பரம் தவறிவிட்டதாகக் கேள்விப்பட்டோம் என்று இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தொடங்கினார்.

“நான்தான் சார் ஏகாம்பரம்.”

“உங்களுக்குச் சங்கு ஊதிட்டதா பையன் சொன்னானே?” என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“ஆமா சார். தெனமும்தான் ஊதறாங்கோ, ஒம்போது மணிக்கு.”

விஷயம் இவ்வளவுதான். காலை ஷிப்டில் இருப்பவர்களுக்கு மில்லில் ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுச் சங்கு. அது ஊதினால்தான் கேட்டைத் திறப்பார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருக்கும் பிள்ளைகள் அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவருவார்கள். அந்தச் சத்தத்தை நானும் தினமும் கேட்டிருக்கிறேன். துறைமுகத்தில் கப்பல் கூவுகிறது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் தலைமையாசிரியர் ஐந்தாம் வகுப்புக்கு முதல் மணியை ஒன்பதரைக்குத் தள்ளினார். அதன்பின் ஒருவனும் தாமதமாக வரவில்லை. ஆராய்ச்சி ஜெயித்தது, ஆராய்ச்சியாளன்தான் தோற்றான். ‘ஊக்கம் உண்டு. இரண்டாவது கேள்வியும் கேட்கப் பழக வேண்டும். ஓராண்டு கழித்துப் பார்க்கலாம்’ என்று எழுதிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். கல்யாணமும் ஓராண்டு தள்ளிப்போனது.

அந்த ஓராண்டைச் செண்பகம் இன்றுவரை மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ‘சாப்பிட்டார்’ என்று சொல்வதில்லை, ‘சங்கு ஊதியாச்சு’ என்றுதான் சொல்வார்கள். மகன் கல்யாணமாகி வந்த முதல் வாரம், மாமா எங்கே என்று மருமகள் கேட்டிருக்கிறாள். “அவருக்கு ஒன்பது மணிக்கே சங்கு ஊதியாச்சும்மா” என்று செண்பகம் தோசையைத் திருப்பிப் போட்டபடி சொல்லியிருக்கிறாள்.

அலறல் கேட்டு நான் ஈரத் துண்டோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. ஏகாம்பரத்தை நானும் அப்படித்தான் பார்த்தேன்.