லம்பாங்கிலை நான் திண்ட படையல்

அண்டைக்கு விடிய எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். கீழை போய் ஒரு போத்தல் சுடுதண்ணி எடுத்துக்கொண்டு வாறது.

தாய்லாந்திலை நிக்கிறம். லம்பாங் எண்டு ஒரு ஊர், சியாங்மாய்க்குப் போற வழியிலை கிடக்கு. இண்டைக்கும் அங்கை குதிரை வண்டி ஓடுது. நாங்கள் நிண்டது ஒரு மலிவு ஹோட்டலிலை. எவ்வளவு மலிவு எண்டா, அறையிலை கேத்தில் இல்லை, லிஃப்ட் இல்லை, பல்லி மட்டும் தாராளம்.

"நாலு எண்டு போட்டிருக்கு, நல்ல ஹோட்டல் எண்டு சொன்னியளே?" எண்டு மனிசி கேட்டா.

"ஓமப்பா. பத்துக்கு நாலு."

அதோடை அவ என்னோடை கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டா. தேயிலை, சீனி, பால்மா எல்லாம் மொன்றியலிலை பார்க் எக்ஸ்டென்ஷன் கடையிலை வேண்டிக் கட்டிக்கொண்டு வந்தவ. சுடுதண்ணி ஒண்டுதான் குறை. தேத்தண்ணி குடிச்சாத்தான் எனக்கு மன்னிப்பு.

அதாலை நானும் விடிய எழும்பிக் குளிச்சு, வெள்ளிக்கிழமை எண்டு வடிவாத் திருநீறும் பூசிக்கொண்டு, போத்தலோடை கீழை இறங்கினன்.

முற்றத்திலை ஒரு தூணுக்கு மேலை சின்னக் கோயில் ஒண்டு. அதுக்கு முன்னாலை மேசை. ஹோட்டல்கார அம்மா ஊதுபத்தி கொளுத்திப்போட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறா. மேசையிலை ஒரு தட்டு. வாழைப்பழம், தேங்காய்ப்பூ போட்ட இனிப்பு, அவிச்ச முட்டை. பக்கத்திலை ஸ்ட்ரோ போட்ட சிவப்புச் சோடா.

எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. வெள்ளிக்கிழமை விடிய, தெரியாத ஊரிலை, காலடியிலை கோயில்! செருப்பைக் கழட்டிப்போட்டு நானும் கும்பிட்டன்.

அவ கும்பிட்டு முடிச்சு, கண்ணைத் துடைச்சுக்கொண்டு உள்ளை போட்டா. தட்டு அங்கையே கிடக்கு. நானும் நிண்டு பாத்தன். ஒருத்தரும் வந்து பிரசாதம் குடுக்கிற பாடில்லை.

இஞ்சை ஒண்டு சொல்லோணும். நாங்கள் போற மொன்றியல் கோயிலிலை வெள்ளிக்கிழமைப் பிரசாதம் குடுக்கிறது ஆர் எண்டு நினைக்கிறியள்? நான்தான்! அதுவும் கெதியாக் குடுப்பன். வெளியிலை காரை விட்டிட்டு வந்த சனம் பார்க்கிங் தண்டம் விழப்போகுது எண்டு அந்தரப்படும். ஐயர் தீபம் காட்டி முடிக்க முன்னமே நான் கடலை வாளியோடை வாசலிலை நிப்பன். ஐயர் எத்தினையோ தரம் முறைச்சவர். நான் அந்தப்பக்கம் பாக்கிறேல்லை.

அப்பிடிப்பட்ட கை சும்மா இருக்குமோ?

"பாவம், இஞ்சை குடுக்கிறதுக்கு ஆள் பத்தாது போலை" எண்டு நினைச்சன். தட்டைத் தூக்கினன்.

முதல் ஒரு வாழைப்பழம். கண்ணிலை ஒத்திப்போட்டுச் சாப்பிட்டன். பிறகு இனிப்பு. சோக்கான இனிப்பு! தீர்த்தம் எண்டு சிவப்புச் சோடாவிலையும் ஒரு இழுவை இழுத்தன்.

ரெண்டு தாய்லாந்துக்காரர் படியாலை இறங்கி வந்தினம். தட்டை நீட்டினன். அவை தட்டைப் பாத்தினம், கோயிலைப் பாத்தினம், என்னைப் பாத்தினம். கையெடுத்துக் கும்பிட்டிட்டு வந்த வேகத்திலையே திரும்ப மேலை ஏறிட்டினம். நல்ல கூச்சம் உள்ள சனம் எண்டு நினைச்சன்.

வராந்தாவிலை ஒரு பெரிய தாடிக்கார வெள்ளை இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "போன்ஜூர்!" எண்டார்.

"போன்ஜூரோ? நீங்கள் எந்த இடம்?"

ஆள் மொன்றியலுக்குப் பக்கத்திலை லொங்குய்ய்! நான் லாசால். ஆத்துக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் இருக்கிற ரெண்டு பேர் லம்பாங்கிலை சந்திக்கிறம். பேர் லூக்காம். கனடாவிலை இவ்வளவு காலம் இருந்தும் எனக்கு வாற பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும்தான். அதாலை மிச்சக் கதை இங்கிலீசிலை நடந்தது.

"இது என்ன?" எண்டு தட்டைக் காட்டிக் கேட்டார்.

"கடவுளின்ர சாப்பாடு. எடுங்கோ, எடுங்கோ. வேண்டாம் எண்டு சொல்லப்படாது."

"மெர்சி!" எண்டு சொல்லி முட்டை முழுவதையும் எடுத்திட்டார். வெள்ளிக்கிழமையிலை முட்டை என்ர கையிலை மிஞ்சேல்லை எண்டு எனக்கும் நிம்மதி.

அந்த நேரம் பாத்து ஹோட்டல்கார அம்மா மகனோடை வெளியிலை வந்தா. பெடியன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை இழுத்து, சோதினைக்குப் போற மாதிரி நிக்கிறான். அவ கோயிலைப் பாத்தா. வெறும் மேசை. என்னைப் பாத்தா. கையிலை வெறுந்தட்டு, வாயிலை ஸ்ட்ரோ.

அவ கத்தின கத்து! எனக்கு அந்தப் பாசை ஒரு சொல்லும் தெரியாது. ஆனா பேச்சு விழுகுது எண்டு விளங்க எனக்குப் பாசை தேவையில்லை. நான் கலியாணம் கட்டினவன்.

போனிலை மொழிபெயர்க்கிற ஆப் இருந்தது. அவவின்ர வாய்க்குக் கிட்டப் பிடிச்சன். போன் ரேடியோவிலை செய்தி வாசிக்கிற குரலிலை சொல்லுது:

"இந்த உணவு உங்களுக்குரியது அல்ல. இந்த நிலத்தின் காவல் தெய்வத்துக்குரியது. ஊதுபத்தி இன்னும் எரிந்து முடியவில்லை. அவர் இன்னும் உண்ணவில்லை."

ஊதுபத்தியைப் பாத்தன். அரைவாசிதான் எரிஞ்சிருக்கு.

"எரிஞ்சு முடிஞ்சாப் பிறகு?" எண்டு கேட்டன்.

"பின்னர் நீங்கள் தாராளமாக உண்ணலாம்."

கொஞ்ச நேரம் பொறுத்திருந்தாக் காணும்! ஐயர் ஏன் முறைச்சவர் எண்டு அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு.

"சொறி அக்கா, வேறை பழம் வேண்டித் தாறன்" எண்டு சமாளிக்கப் பாத்தன். அப்ப அந்தப் பெடியன் தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை மெல்லமாச் சொன்னான்.

"அங்கிள், இண்டைக்கு நான் சீட்டு எடுக்கோணும். கறுப்பு வந்தா வீடு. சிவப்பு வந்தா ஆமி."

அந்த நாட்டிலை அப்பிடியாம். வயது வந்த பெடியளைக் கூப்பிட்டு, பெட்டிக்குள்ளை கையை விட்டுச் சீட்டு எடுக்கச் சொல்லுவினமாம். சிவப்பு எடுத்தவன் ஆமிக்குப் போகோணும். மகனுக்குக் கறுப்பு விழோணும் எண்டு நேந்துதான் அந்த மனிசி படையல் வைச்சிருக்கிறா. அதைத்தான் நான் திண்டுபோட்டு நிக்கிறன்.

ஆமி எண்ட சொல்லைக் கேட்டதும் என்ர பகிடியெல்லாம் நிண்டுபோச்சு. பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்களோ எண்டு ஒரு தாய் நடுங்கிக்கொண்டு நிக்கிறதைச் சண்டைக் காலத்திலை ஊரிலை நாங்கள் காணாத சனமோ? என்ர அம்மாவும் எனக்காக அப்பிடி நிண்டவ. எனக்கு அழுகை வந்திட்டுது.

"அக்கா, என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ. எதெண்டாலும் செய்யிறன்."

ஆரிட்டையும் எதெண்டாலும் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. போன் சொல்லுது:

"ஒரு பன்றித் தலை வாங்கி வந்து படைத்து மன்னிப்புக் கேட்கவும். நாங்கள் இப்போது புறப்பட வேண்டும்."

அவவும் மகனும் பிக்கப்பிலை ஏறிப் போட்டினம். மேலை பல்கனியிலை மனிசியின்ர தலை தெரிஞ்சுது.

"என்னப்பா! சுடுதண்ணி எங்கை?"

"வாறன், வாறன்! ஒரு பண்டித்தலை வேண்டிக்கொண்டு வாறன்!"

அவ கதவைச் சாத்திப்போட்டா.

முட்டை திண்ட பாவத்துக்கு லூக்கும் கூட வந்தார். ஹோட்டல் மோட்டச்சைக்கிளை அவர் ஓடினார், நான் பின்னாலை. ஒரு ஹெல்மெட்தான் இருந்தது. அதை அவர் போட்டிட்டார்.

சந்தையிலை அவிச்ச பண்டித்தலையளை வரிசையா அடுக்கி வைச்சிருக்கினம். ஒவ்வொண்டும் என்னைப் பாத்துச் சிரிக்குது! இறைச்சிக்கடை மனிசி எது வேணும் எண்டு கையாலை கேட்டா. எனக்கு எந்தத் தலை நல்ல தலை எண்டு எப்பிடித் தெரியும்? போனை நீட்டி, "ஆமி. கறுப்புச் சீட்டு" எண்டு சொல்ல வைச்சன். அவவின்ர முகம் மாறிப்போச்சு. இருந்ததிலை பெரிய தலையை எடுத்து, வாலையும் காலையும் சேத்து, பொலித்தீனிலை சுத்தி என்ர கையிலை வைச்சுக் கும்பிட்டா.

வெள்ளிக்கிழமை. நெத்தி நிறையத் திருநீறு. மடியிலை பண்டித்தலை. இதை எங்கட கோயில் சனம் ஆரும் கண்டா வாளியைப் பறிச்சுப்போடுவினம்.

நாற்சந்தியிலை ஒரு குதிரை வண்டி குறுக்கை வந்திட்டுது. லூக் "தபர்நாக்!" எண்டு கத்திக்கொண்டு பிரேக் அடிச்சார். மொன்றியலிலை வேலை செய்தவைக்கு அந்தத் தூசணத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தலை என்ர மடியிலை இருந்து பாய்ஞ்சு, றோட்டாலை உருண்டு போய், ஒரு பொலிஸ்காரன்ர காலடியிலை நிண்டுது.

பொலிஸ் அந்தத் தலையைப் பாத்தான். பிறகு ஹெல்மெட் இல்லாத என்ர தலையைப் பாத்தான். போனை நீட்டினன்.

"ஆமி. கறுப்புச் சீட்டு. தாய் அழுகிறார்."

பொலிஸ்காரன் குனிஞ்சு தலையைத் தூக்கினான். பொக்கற்றிலை இருந்த லேஞ்சியாலை அதின்ர முகத்தைத் துடைச்சான். என்ர மடியிலை திரும்ப வைச்சு, விசில் ஊதி, நாலு பக்கத்து வாகனத்தையும் நிப்பாட்டி எங்களை விட்டான். மொன்றியலிலை அம்புலன்ஸுக்கும் இப்பிடி வழி விடமாட்டினம்.

ஹோட்டலுக்கு வந்து தலையை மேசையிலை வைச்சன். என்னட்டைக் கற்பூரம் இருந்தது, புது ஊதுபத்தியோடை அதையும் கொளுத்தினன். பிறகு என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. எனக்குத் தெரிஞ்சது தேவாரம்தான். பாடத் தொடங்கினன்.

மனிசி கீழை இறங்கி வந்து இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு பாத்தா.

"பண்டித்தலைக்குத் தேவாரம் பாடின முதல் சைவன் நீங்கள்தான்!"

பாட்டை நிப்பாட்டாமலே போனிலை இருந்த ஆமிக் கதையைக் காட்டினன். வாசிச்சா. பிறகு செருப்பைக் கழட்டிப்போட்டுப் பக்கத்திலை வந்து தானும் சேந்து பாடினா. லூக் தாடி நெஞ்சிலை முட்டத் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார். ஊதுபத்தி எரிஞ்சு முடியுமட்டும் ஒரு ஈ இலையானையும் நான் கிட்ட விடேல்லை.

மத்தியானம் பிக்கப் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்துது. நிண்டும் நிக்காமலும் பெடியன் குதிச்சான். கையிலை கறுப்புச் சீட்டு! தாய்க்காரி அழுது அழுது என்ர மனிசியைக் கட்டிப்பிடிச்சா. மனிசியும் அழுதா. நான் திரும்பி நிண்டு அழுதன்.

"பாத்தியளோ அக்கா, பண்டித்தலை வேலை செய்திருக்கு!" எண்டன் பெருமையா.

அவ போனிலை சொன்னா: "அவன் காலையிலேயே சீட்டு எடுத்துவிட்டான். நீங்கள் அப்போது சந்தையில் இருந்தீர்கள்."

எனக்கு முகத்திலை ஈயாடேல்லை. அப்ப தேவாரம், கற்பூரம், பொலிஸ்காரன் எல்லாம் வீண். அவ என்னை மேலையும் கீழையும் பாத்தா. திருநீற்றை வடிவாப் பாத்தா. பிறகு போன் சொல்லிச்சு:

"அப்படியானால், நீங்கள் உண்டதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது."

நான் சிரிச்சன். அவ சிரிக்கேல்லை.

அடுத்த நாள் விடியக் கீழை வந்தா, முற்றம் நிறையத் தாய்மார். ஆளுக்கொரு தட்டு. அவையின்ர பெடியளுக்கு இனித்தான் சீட்டாம். மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும், சீனிப்பாகிலை ஊறின மஞ்சள் இனிப்பு, ரின்பால் ஊத்தின ரொட்டி, எல்லாத்தோடையும் ஒரு சிவப்புச் சோடா. லூக் இதைக் கண்டிட்டு அடுத்த ரெயினிலை ஏறித் தப்பிட்டார்.

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்" எண்டு மனிசி காதுக்குள்ளை சொன்னா.

"நீர் அந்தத் தாய்மாரின்ர முகத்தைப் பாத்திட்டுச் சொல்லும்."

பாத்தா. எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டா.

ஊதுபத்தி எல்லாம் எரிஞ்சு முடிய விட்டிட்டு, முதல் தட்டிலை கையை வைச்சன். அங்கை நிண்ட மிச்ச நாள் முழுக்க விடியக்காலமை அதுதான் எனக்கு வேலை. ஒரு தட்டும் மிச்சம் விடேல்லை. எந்தப் பிள்ளையின்ர தட்டிலை மிச்சம் விடுறது, சொல்லுங்கோ?

மொன்றியலுக்கு வந்தாப் பிறகு டொக்டர் இரத்தம் சோதிச்சுப் பாத்திட்டு, கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தார். "அங்கை போய் என்னத்தைச் சாப்பிட்டனீங்கள்?" எண்டார்.

அந்தத் தெருவிலை ஒரு பெடியனையும் ஆமி பிடிக்கேல்லை. என்னைத்தான் சீனி பிடிச்சிட்டுது.