மீசை வைத்த சிங்கம்

சிங்கத்துக்கு மீசை போதாது என்று சொல்லி, ஆபீசர் லட்சுமிகாந்தம் எங்கள் மத்தாப்புப் பெட்டி லேபிளை மூன்றாவது தடவையாகத் திருப்பிவிட்டார். கப்பலுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

சிங்கத்தை யாரும் கேட்கவே இல்லை. நைஜீரியாவில் லாகோஸ் பட்டணத்து வியாபாரி ஒருவர், எங்கள் முதலாளி செல்வநாயகம் அண்ணாச்சியிடம் கிறிஸ்துமஸுக்குக் கம்பி மத்தாப்பு ஆர்டர் கொடுத்திருந்தார். பெட்டியில் தன் ஊர்ப் படம் வேண்டும் என்று ஒரு போட்டோவும் அனுப்பினார். சர்ச், பஸ், கவுன் போட்ட மனைவி, பக்கத்தில் கோட்டுப் போட்ட அவர். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் தாயில்பட்டியில் எங்கள் கம்பெனியின் நாற்பது பெண்களுக்குப் பொங்கல் வரை வேலை கிடையாது. நான் பதினோராம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டவன். இங்கிலீஷ் வந்ததால் கடிதம் படிக்க வைத்திருந்தார்கள்.

வெளிநாடு செல்லும் லேபிள்களில் அந்தந்த நாட்டின் பண்பாடு முறையாகப் பிரதிபலிக்கிறதா என்று பரிசீலிக்க விருதுநகரில் ஓர் அலுவலகம் இருந்தது. அதில் பரிசீலிப்பவர் லட்சுமிகாந்தம். திருச்சியைத் தாண்டியதில்லை. ஆனால் ஆப்பிரிக்கக் காட்டுப் படம் இரண்டு பார்த்திருந்தார், அதில் ஒன்றை இரண்டு தடவை. வாரப் பத்திரிகைகளில் வெட்டிய படங்களை 'ஆதாரம்' என்று எழுதிய ஃபைலில் வைத்திருந்தார்.

நான் கொண்டுபோன போட்டோவைப் பார்த்ததும், "இது ஆப்பிரிக்கா இல்லை, பாளையங்கோட்டை" என்றார்.

"அவரு வீட்டு வாசல்ல எடுத்தது சார்."

"சிங்கம் எங்கே?"

"வீட்டு வாசல்ல சிங்கம் எதுக்கு நிக்கப்போவுது?"

"இந்த ஆளுக்குக் கோட்டு எங்கிருந்து வந்தது?"

"தைச்சிருப்பாரு."

"தம்பி, அவர்கள் இலைதான் கட்டுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்."

"எங்கன பார்த்தீக?"

"டாக்கீஸில்."

போட்டோவில் உள்ளவர் ஆப்பிரிக்கர்தான் என்று இரண்டு கெஸட்டட் அதிகாரிகள் சான்றளித்தால் மறுபரிசீலனை செய்யலாம் என்றார். அந்த அதிகாரிகள் விருதுநகரில் வசிப்பவர்களாக இருக்க வேண்டுமாம்.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு சிங்கம் போடச் சொன்னார். எங்கள் ஓவியர் பெத்தணன் நேரில் பார்த்த ஒரே சிங்கம் இருக்கன்குடி திருவிழாவில் மாரியம்மன் ஏறிவந்த மரச்சிங்கம். அதையே வரைந்து கையில் மத்தாப்பைக் கொடுத்தார். மீசையைக் காது வரை இழுத்தபிறகு முத்திரை விழுந்தது. மாதிரி லேபிள் விமானத் தபாலில் லாகோஸ் போயிற்று.

ஆர்டர் ரத்து என்று பதில் வரும், அதைப் படித்துச் சொல்ல வேண்டியவன் நான் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்த கடிதத்தில் லாகோஸ்காரருக்கு ஒரே சந்தோஷம். சிங்கத்தைத் தன் ஊரில் யாரும் பார்த்ததில்லையாம். ஆனால் மீசை வைத்த சிங்கம் அசல் இந்தியச் சரக்கு என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டதாம். இந்தியாவை சினிமாவில் நிறையப் பார்த்திருக்கிறாராம். கடையில் மாட்ட ஒரு போட்டோ மட்டும் வேண்டும்: தலைப்பாகை கட்டிய இந்தியத் தொழிலாளி, எதிரில் படமெடுத்த பாம்பு. வந்ததும் லோடை ஏற்றலாம்.

லேபிள் பற்றி வரும் கடிதத்தை ஆபீசரிடம் காட்டுவது விதி. காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நம்மை என்னவென்று நினைத்தான்? சினிமாவைப் பார்த்து ஒரு நாட்டை எடைபோடுவதா?"

நான் அந்த 'ஆதாரம்' ஃபைலைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. நம்மிடம் ரயில் உண்டு, கோர்ட் உண்டு, பாம்பை வீட்டில் வளர்ப்பதில்லை என்று இரண்டு பக்கம் எழுதவைத்தார். ஆதாரமாக, கோட்டுப் போட்டு அலுவலக வாசலில் தான் நிற்கிற போட்டோவையும் தந்து, இன்றைக்கே தபாலில் சேர்க்கச் சொன்னார்.

கம்பெனிக்கு வந்தால் வாசலில் குருவம்மாளக்கா நின்றாள். மத்தாப்புக் கம்பியை மருந்தில் முக்குகிறவள்.

"ஏலே, லோடு போவுமா போவாதா?"

"போட்டோ எடுத்தா போவும்."

"அப்ப எடுக்க வேண்டியதுதானலே."

அவளே என் தலையில் துண்டைக் கட்டினாள். பாம்புக்கு வெளியே அலையவில்லை, எங்கள் சரக்கிலேயே பாம்பு மாத்திரை இருந்தது. அதைப் பற்றவைத்தால் சாம்பல் நெளிந்து நெளிந்து பாம்பாக எழும். ஆபீசரிடம் அம்புட்டு நியாயம் பேசிய நான் அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெத்தணன், பார்வை போதாது, இன்னும் முழி என்றார். முழித்தேன்.

லோடு ஏறிவிட்டது. லாகோஸில் ஒரு கடையில் நான் இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆபீசரின் கடிதமும் போட்டோவும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அன்றைக்கே தபாலில் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை. இந்த ஆளுக்குக் கோட்டு எங்கிருந்து வந்தது என்று லாகோஸ்காரர் கேட்டால், பதில் எழுத வேண்டியவன் நான்தானே.