கேட்டல் பற்றி நாற்பத்தொரு கட்டுரைகள்

மனிதனுக்குக் காது எப்போது முளைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது எதற்காக முளைத்தது என்று கண்டுபிடித்தவர் எங்கள் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர்தான். 'பிறர் சொல்வதைக் கேட்டல்' என்பதே அவருடைய ஆய்வுத் துறை. முப்பது வருடம், நாற்பத்தொரு கட்டுரைகள், இரண்டு அலமாரி நிறையக் கேடயங்கள்.

அவரிடம் இருந்த ஒரே ஆய்வு மாணவிக்குத் துறையில் 'ஏழாம் வருஷம்' என்று பெயர். போன வருடம் வரை 'ஆறாம் வருஷம்', பதவி உயர்வு. எட்டாம் வருடம் என்று ஒன்று விதியில் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டில் வழிகாட்டியின் கையெழுத்து விழாவிட்டால் பதிவு காலாவதி. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நாலு மணிக்கு அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"வாம்மா. நீ பேசு, நான் கேக்கறேன்."

"சார், இன்னிக்குத்தான் கடைசி நாள்..."

"கடைசி! ஆகா. கடைசி வரைக்கும் கேக்கறவன்தாம்மா கேக்கறவன். இதை நான் பதினேழாவது கட்டுரையில..."

பதினேழிலிருந்து இருபத்து மூன்றாவது கட்டுரைக்கு வந்து சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவள் பழக்கதோஷத்தில் நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டாள். ஒவ்வொரு சந்திப்பிலும் யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று மாணவர் எழுதிவைக்க வேண்டும். அந்தப் புரட்சிகரமான விதியைக் கொண்டுவந்ததே அவர்தான். ஏழு வருடத்தில் அவள் பேசியது மொத்தம் பதினொரு நிமிடம். அதில் ஒன்பது, அவர் போனில் இருந்தபோது.

ஐந்துக்கு நாலு நிமிடம். அவள் கெஞ்சுவதை விட்டாள். ஆய்வேட்டை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, அவர் விரல்களுக்கு நடுவே செருகினாள். பேச்சு நிற்கவில்லை, கையெழுத்து மட்டும் விழுந்தது. படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவி ஓடினாள். அலுவலகத்தில் எழுத்தர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"குனிஞ்சு வாம்மா" என்றார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கட்டுரைதான் ஒன்றும் எழுதவில்லை.

மூன்று மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் கறாரானவர். வழிகாட்டி குறுக்கே பேசக்கூடாது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். ஆகவே தன் மாணவி என்ன ஆராய்ந்தாள் என்பதைப் பேராசிரியரும் அன்றுதான் தெரிந்துகொண்டார். ஓர் ஆசிரியர், யாரையும் வாய் திறக்கவிடாமல், ஏழு வருடம் 'கேட்டல்' கற்பித்த வரலாறு. தேதியோடு, நிமிடத்தோடு.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாஸ். இனிமே நீ டாக்டரம்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. யாரும்மா அந்த மனுஷன்?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீ இரும்மா" என்று பேராசிரியர் கையமர்த்தினார். "நானே சொல்றேன்."