தைல வாத்தியார் சுமந்த பெட்டி

எந்த மருந்தையும் அளவோடு நம்புகிறவன் கையில்தான் புட்டியைக் கொடுக்க வேண்டும். நான் அப்படிப்பட்டவன் அல்ல. அந்தக் காலத்தில் எனக்குச் சம்பளத்தைவிட யூகலிப்டஸ் தைலத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். (சம்பளம் வந்த அழகு அப்படி.) சளி பிடித்தால் கொதிக்கிற தண்ணீரில் நாலு சொட்டு விட்டு, போர்வைக்குள் தலையைக் கொடுத்து ஆவி பிடிப்பேன். தலைவலி என்றால் நெற்றியில், மூட்டைப்பூச்சி என்றால் கட்டில் காலில், வேட்டியில் வண்டி மை பட்டால் அதன் மேலும் அதே தைலம். பாளையங்கோட்டையில் நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே தைல வாத்தியார். சேரன்மகாதேவியில் இருந்த என் மாமனாரோ, மருமகன் வருவது தெரு முக்கிலேயே மணக்கிறது என்பார்.

விஷக்காய்ச்சல் ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போன ஐப்பசியில் அந்த மாமனார் படுத்த வேகத்திலேயே போய்விட்டார். நான் அவர் மார்பில் தைலத்தைத் தேய்த்ததும் தேய்த்ததுதான், ஒன்றும் கேட்கவில்லை.

தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. காய்ச்சலில் செத்தவர்களை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவது அப்போது வழக்கமாகியிருந்தது. பக்கத்து வீட்டுத் தேவசகாயம் அண்ணாச்சி ஜன்னல் வழியாக எனக்கு அந்த யோசனையைத்தான் சொன்னார். மாமனாருக்கு ஒரே மகள் என் மனைவி ஞானப்பூ. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஊர்ல யார் செத்தாலும் மொதத் தோளு எங்கப்பாதான் குடுத்தாக. அவுகள வண்டில போட்டு அனுப்பப் பாத்தீகன்னா நானும் அதுல ஏறிப் படுத்துக்கிடுவேன்."

சொன்னால் செய்கிறவள். நாலு தோளுக்காக ஊரெல்லாம் அலைந்தேன். என்னைத் தவிர்த்துக் கிடைத்தவர்கள், கோயில் மணியடிக்கும் சாமுவேலும் அவர் தம்பிகள் இருவரும். வந்தவர்கள் வாசலைத் தாண்டத் தயங்கி நின்றார்கள். அப்போதுதான் எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். கிருமி மூக்கு வழியாகத்தான் நுழையும், இந்தத் தைலத்தின் வாடைக்கு அது வாசலிலேயே செத்துவிடும் என்று பிரசங்கம் செய்தேன். (எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள்.) ஆளுக்கொரு துண்டைத் தைலத்தில் நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். கூடுதல் காவலுக்கு நெற்றி நிறையப் பூசியும் விட்டேன். சில சொட்டுகள் போதும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். நான் புட்டியையே கவிழ்த்திருந்தேன்.

கல்லறைத் தோட்டத்துக்குத் தெருவின் பின்புறத்தை ஒட்டிய வயல் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும். சவப்பெட்டியை நாலு பேரும் தோளில் ஏற்றினோம். முன்னால் இடப்பக்கம் நான். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. நெற்றியில் வேர்த்து, வேர்வையோடு தைலமும் கண்ணுக்குள் இறங்கியது. எரிச்சல் தாங்காமல் துண்டின் நுனியை இழுத்துக் கண்ணைத் துடைத்தேன். அந்தத் துண்டில் என்ன இருந்தது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"வாத்தியாரே, பைய. எனக்கு வரப்பே தெரியல" என்றார் பின்னால் வந்த சாமுவேல்.

எனக்குத் தெரிகிறது என்று தைரியம் சொல்லி, வரப்பு இல்லாத இடத்தில் காலை வைத்தேன்.

பெட்டி, தேவசகாயம் அண்ணாச்சியின் வயலில், அப்போதுதான் நட்டிருந்த நாற்றின் மேல் குப்புற விழுந்தது. ஆணி நல்ல ஆணி, மூடி திறக்கவில்லை. நாலு பேரும் கண் தெரியாமல் சேற்றில் தடவினோம். பெட்டி என்று நினைத்து நான் பிடித்து இழுத்தது சாமுவேலின் காலை. ஊருக்கெல்லாம் தோள் கொடுத்த மனிதரைச் சேற்றில் போட்டுவிட்டு ஞானப்பூவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அப்போது கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஏலே, பெட்டி சேத்துக்குள்ள கெடக்கு, வாங்கலே" என்று கூப்பிட்டுக்கொண்டு முதலில் வயலில் இறங்கியவர் அண்ணாச்சி. நாற்றுக்காக ஓடி வந்தாரா, மாமனாருக்காக வந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் தெருவே இறங்கியது. துண்டும் கிடையாது, தைலமும் கிடையாது. வாய்க்கால் தண்ணீரில் பெட்டியைக் கழுவி, தோள் மாற்றித் தோளாகக் கல்லறை வரை கொண்டுபோனார்கள். சத்தம் கேட்டு வந்த ஞானப்பூ என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். என் கண்கள் தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. மாமனாருக்காக மருமகன் இப்படியும் அழுவானா என்று பெண்கள் வியந்தார்களாம்.

கொஞ்ச நாளில் அண்ணாச்சிக்கும் அதே காய்ச்சல். பிழைக்கவில்லை. பெட்டியைத் தொட்டதால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா, யாரால் சொல்ல முடியும்? வண்டியில் அனுப்பலாம் என்று ஒருவரும் பேச்செடுக்கவில்லை. அவரை நாங்கள் தோளில்தான் கொண்டுபோனோம்.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டு ஆட்கள் வராவிட்டால், "வயல்ல போடுங்க, வருவாக" என்று யாராவது சொல்வார்கள். உடனே வீடு முழுக்கச் சிரிப்பு. அண்ணாச்சியின் மகன்களே சொல்லிச் சிரிக்கிறார்கள். ஞானப்பூ மட்டும் சிரிப்பதில்லை.

"வந்தாகல்லா" என்பாள்.