பொட்டு வைத்த கருவி

இராமநாதபுரத்துக் கல்லூரி ஒன்றுக்கு, மருந்துகளின் சாதி அறியும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி வந்து சேர்ந்தது. வேதியியல் துறைத்தலைவர் சேதுலட்சுமி ஆயுத பூஜையன்று அதற்கு உரிய மரியாதை செய்தார். மருந்துத் தூளை வைக்குமிடத்தில் மிளகளவு கண்ணாடிக்கண் ஒன்று உண்டு. அதுவே கருவியின் நெற்றி என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டு, சந்தனம் அப்பப்பட்டது.

அன்றுமுதல், மருந்துக்கு மருந்து மாறவேண்டிய கோடுகள், எதை வைத்தாலும் ஒன்றாகவே வந்தன. காய்ச்சல் மருந்து, சர்க்கரை மருந்து, பூச்சிக்கொல்லி எல்லாம் ஒரே குடும்பம். துறை இதனை 'முடிவுகளின் ஒருமைப்பாடு' என அறிவித்து மகிழ்ந்தது.

ஆய்வு மாணவன் மாரிச்செல்வம் திருவாடானைப் பக்கத்துக்காரன். வீட்டின் முதல் பட்டதாரி. புதிய வலிநிவாரணி ஒன்றைச் செய்து முடித்திருந்தான். வாய்மொழித் தேர்வில் தேறினால் முனைவர் பட்டம், சாயல்குடியில் விரிவுரையாளர் வேலை. தவறினால் அய்யாவோடு மிளகாய்க் காடு. பயந்த சுபாவம்தான், ஆனாலும் பொய்யான கோடுகளைக் காட்ட மனம் வரவில்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டு அளந்தான். கோடுகள் வேறாக வந்தன.

"ஏலே, எல்லாருக்கும் வாற கோடு ஒனக்கு மட்டும் ஏன் வரல?" என்றார் சேதுலட்சுமி.

"சந்தனத்தைத் துடைச்சுட்டேன் மேடம்."

"சாமி பொட்டையா அழிச்ச?"

"கோடு போட்டதே பொட்டுதான் மேடம்."

"போடட்டுமே! துறைக்குன்னு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா? இதை நீ தேர்வாளர்ட்டயே சொல்லிக்க."

வெளித்தேர்வாளர் வேல்ராஜ் மதுரையிலிருந்து வந்தார். மாரிச்செல்வம் தன் கோடுகளின் படத்தை நீட்டினான்.

"தம்பி, நாப்பது மருந்து கண்டுபிடிச்சவன் நான். ஒவ்வொண்ணுலயும் நடுவுல அகலமா ஒரு கோடு வரும். அது இல்லாத மருந்தை நான் பார்த்ததே இல்ல."

மாரிச்செல்வம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார்... ஒங்க மிஷினுக்கு ஆயுத பூஜையில என்ன வைப்பீங்க?"

"விபூதி. ஏன்?"

வேல்ராஜ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, 'தேர்வர் அதிசிறப்பாகத் தேறினார்' என்று எழுதி அவசரமாகக் கையெழுத்திட்டார்.

"அந்த நாப்பதுல ரெண்டு மருந்தை நானே தெனமும் சாப்பிடுறேன் தம்பி," என்றார் மெல்ல. "நல்லாத்தான் கேக்குது."

அன்று மாலை துறையில் எல்லோருக்கும் தலைவலி. கைப்பையில் மாத்திரை வைத்திருந்த சேதுலட்சுமி உட்பட, எவருக்கும் ஒன்றை எடுத்துப் போடத் துணிவு வரவில்லை.