ஆறு முறி வாங்கினால் அம்மா வரலாமா?

கற்பிட்டி,
வியாழன் இரவு.

மதிப்புக்குரிய முதலீட்டுப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேர் இங்கே சுகம், நாலாவது ஆள் அம்மா, குவைத்தில் வேலை. என் எழுத்து சரிந்திருந்தால் மன்னியுங்கள், போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா கடலுக்குப் போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் அப்பாவின் அக்கா அனஸ்தாசியா மாமி குறட்டை விடுகிறா. குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடும்.

நான் தரம் பத்தில் வணிகம் படிக்கிறேன். உங்கள் கட்டுரையைப் பள்ளி நூலகத்தில் வாசித்து, அம்மா அனுப்பிய காசை அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கலாம், வட்டி வரும், அம்மா வீட்டுக்கு வரலாம் என்று அப்பாவிடம் சொன்னது நான்தான். அரசாங்கக் கடன் பத்திரம் இரண்டு வகை: திறைசேரி உண்டியல் ஒரு வருசத்துக்குள் முடியும், குறைந்த விலைக்கு வாங்கி முடிவில் முழுத்தொகையை எடுப்பது, இடையில் ஒன்றும் வராது. திறைசேரி முறி இரண்டு வருசத்துக்கு மேல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி, கடைசியில் முதலும் திரும்பி வரும் என்றெல்லாம் விளங்கப்படுத்தினேன். அப்பா தலையாட்டினார். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தது படகுக் கணக்குத்தான், படகுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு, மீன் படாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. வங்கியில் போய் இருந்ததும், "கடல் மோசமெண்டா வட்டி நிக்குமா மிஸ்?" என்று கேட்டார். "கடலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை ஐயா, எப்படியும் வரும்" என்றார் அந்த மிஸ். அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்து, "அப்ப மீன் பிடிக்கிறது ஆர்?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டா, "வருசத்துக்கு எத்தின தரம் தருவான்?" ரெண்டு தரம் என்றார் அப்பா. "அரிசிக் கடைக்காரன் ஆறு மாசம் பாத்துக்கொண்டிருப்பானா தம்பி? உன்ட பெண்சாதி மாசாமாசம் அனுப்புறாள். எது நல்ல முறி? அங்க இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லு." அப்பா சோற்றைப் பிசைந்தார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லப்போகினம்.

பொறுங்கள், மாமி புரளுகிறா.

சரி, திரும்பக் குறட்டை தொடங்கியாச்சு. ஐயா, நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். ஒரே முறியாக வாங்காமல் ஆறு முறி வாங்கினால்? ஒன்று தை, ஆடியில் வட்டி தருவது, மற்றது மாசி, ஆவணியில், அப்படியே ஆறும் வேற வேற மாதம். அப்ப மாசாமாசம் வரும்தானே, அம்மா மாதிரி? தொகை அம்மா அனுப்புறதில கால்வாசிகூட வராது, அது தெரியும். ஆனா அரிசிக்குக் காணும், மீன் அப்பா கொண்டுவருவார், கறியை அம்மாவே ஆக்குவா. அவசரமெண்டா முறியை இடையில விக்கலாம், வட்டிவீதம் ஏறியிருந்தா விலை குறையும் எண்டும் நீங்கள்தான் எழுதினீங்கள், அதையும் அப்பாட்ட மறைக்கேல்லை. நான் சொன்னா மாமி "வாயை மூடு" எண்டுவா. அச்சில நீங்கள் சொன்னா அப்பா நம்புவார். அந்த ஞாயிறுக்கு முதல் நாள், சனிக்கிழமைப் பத்திரிகையில பதில் மட்டும் போடுங்கள். கடிதத்தையும் பெயரையும் போட வேண்டாம், மாமி என்னைக் கருவாடாக் காயப்போட்டுடுவா.

உங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட மாதா துணைநிற்பாவாக.

இப்படிக்கு,
கற்பிட்டி மாணவி

பி.கு.: ஐயா, பதில் வேண்டாம், என் கணக்கு பிழையாயிருந்தாலும் பரவாயில்லை. கடிதத்தைத்தான் போடுங்கள். பெயரோடு: ஜோர்ஜ் டயனா. அம்மா உங்கள் பத்திரிகையைப் போனில் வாசிக்கிறவ. ஞாயிறு கதைக்கும்போது மாமி பக்கத்தில் நிற்பா. அம்மா "சுகமா மகள், நான் இல்லாம இன்னும் ரெண்டு வருசம் இருப்பியா?" எண்டு கேட்டா, நான் "ஓம்" எண்டுதான் சொல்லுவன்.